இத்தாலி சேமியா

மைதா நானூறு கிராம். தராசில் எண் சரியாக நானூறில் வந்து நின்றதும், இந்தப் பதினோரு வாரத்தில் முதல் தடவையாகத் திருஞானத்துக்கு மனசு கொஞ்சம் நிலைக்கு வந்தது. எடை போடுவது தெரிந்த வேலை. சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் இதைத்தானே செய்தார்? பொடியை நிறு, தண்ணீரை அள, பிசை, அச்சில் கொட்டு, எத்தனை நிமிஷத்தில் இறுகுகிறது என்று கடிகாரத்தைப் பார். அதுவும் பொடி, இதுவும் பொடி, இதில் என்ன பெரிய கம்பசூத்திரம் என்றுதான் காலையில் நினைத்தார். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த செல்போனில் ஓர் இத்தாலிக்கார அம்மாள் மாவைக் குவித்து நடுவில் குழி பறித்துக்கொண்டிருந்தாள். பேசுவதில் ஒரு அட்சரம் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன, கை செய்வதைப் பார்த்தால் போதாதா? நூறு கிராமுக்கு ஒரு முட்டை, நானூறுக்கு நாலு. மணி பத்தே கால். தஞ்சாவூரில் பதினோரு மணிக்குப் பஸ் ஏறினால் திருச்சிக்குப் பன்னிரண்டே கால், அங்கிருந்து ஆட்டோ பிடித்து வீட்டு வாசலுக்குப் பன்னிரண்டே முக்கால். "மிச்சத் துணிமணி இருக்கு, என் சர்டிபிகேட்டெல்லாம் இருக்கு, எடுத்துக்கிட்டுப் போயிடலாம்னு வரேங்க. நீங்க வீட்டுல இருப்பீங்கல்ல?" என்று நேற்றுப் போனில் கேட்டாள் அங்கயற்கண்ணி. முப்பத்துமூன்று வருஷம் குடித்தனம் நடத்தின பெண்டாட்டி, கேஸ் சிலிண்டர் போட வருகிறவன் கேட்கிற மாதிரி கேட்டாள், வீட்டில் இருப்பீர்களா என்று. "இருப்பேன், இருப்பேன், நான் எங்க போகப்போறேன், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று இவர் குளற, "சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவை நேற்றிலிருந்து எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருப்பார்! ஆசையாகச் சொன்னதா, தட்ட முடியாமல் சொன்னதா, சும்மா வாய்க்கு வந்ததா? எதுவானாலும் சாப்பிடச் சம்மதித்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் பத்து நிமிஷமாவது எதிரே இருப்பாள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டுவிட்டால், பையை வைத்துவிட்டு இருந்துவிடுவாள். இல்லாவிட்டால் போனது போனதுதான். துணியையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு போகிறவள் பிறகு எதற்காகத் திரும்பி வருவாள்? அதனால்தான் இந்த மைதா.

முதல் முட்டையை உடைக்கும்போதே ஓடு இரண்டு சில்லு உள்ளே விழுந்தது. விரலால் எடுக்கப் போனால் நழுவி நழுவி ஓடியது. நாலாவது முட்டை விழுந்ததும் குழியின் ஒரு பக்கம் உடைந்து மஞ்சள் கரு மேடை மேல் ஓட, ஐயையோ என்று இரண்டு கையாலும் அணை போட்டார். செல்போன் அம்மாள் ஒரு சொட்டுச் சிந்தாமல் முள்கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன, அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் மணைப்பலகை. இது எதற்கு அடுப்படியில் கிடக்கிறது? ஓ, அவள் ஏறி நின்று சமைப்பதற்குப் போட்டுக்கொண்டது. அவள் குள்ளம். எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த வீடு கட்டும்போது மேஸ்திரி, மேடை எவ்வளவு உயரம் வைக்கட்டும் சார் என்று கேட்டார். மூன்றடி என்று இவர்தான் சொன்னார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அளவெல்லாம் உனக்குத் தெரியாது, சும்மா இரு என்று சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமலே கையைக் காட்டியிருப்பார், யாருக்கு ஞாபகம். பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பிசைய ஆரம்பித்தார். மேடை கனகச்சிதமாக இருந்தது. குனிய வேண்டியதில்லை, தோள் வலிக்கவில்லை. அன்றைக்குச் சரியான அளவைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று இந்த மனுஷருக்கு ஒரு திருப்திகூட வந்தது! ஆனால் மாவு சேரவில்லை. உதிரி உதிரியாக நின்றது. கலவையில் பின்னால் தண்ணீர் ஊற்றாதே, ஊற்றாதே என்று எத்தனை உதவியாளர்களை விரட்டியிருப்பார். இப்போது தானே குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் தெளித்தார். உடனே பிசுபிசு என்று விரல் இடுக்கெல்லாம் ஒட்டியது. இன்னும் கொஞ்சம் மைதா போட்டார். இன்னும் கொஞ்சம். எத்தனை கிராம் என்று இப்போது யார் கண்டது? நானூறு என்று வந்து நின்ற அந்தச் சமாதானம் எல்லாம் மேடை மேல் இறைந்து கிடந்தது. பிசை, பிசை. உள்ளங்கையால் தள்ளு, மடி, திருப்பு, தள்ளு. அவளும் இப்படித்தான் தள்ளியிருப்பாள், குவார்ட்டர்ஸ் அடுப்படியில், இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது.

ஆலையில் புதுச் சூளை வைத்த வருஷம் அது. இத்தாலியிலிருந்து ஓர் இன்ஜினியர் ஒன்பது மாசம் வந்து தங்கினார், கூடவே சம்சாரமும். பியேரா என்று பெயர், ஆனால் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு அவர் பியேராம்மா. பொழுது போகாமல் அந்த அம்மாள் ஆபீசர்ஸ் கிளப்பில் பாஸ்தா வகுப்பு வைத்தார். ஐந்து பெண்கள் போனார்கள். நாலு பேர் வெள்ளைக்காரியை வேடிக்கை பார்க்கப் போனவர்கள், அங்கயற்கண்ணி ஒருத்திதான் மாவைப் பார்க்கப் போனவள். இவளுக்கு இத்தாலி பாஷை தெரியாது, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் அரைகுறை. மாவு எவ்வளவு மிருதுவாக வேண்டும் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் மாவை ஒரு விரலால் தொட்டு, அப்புறம் இவள் காது மடலைத் தொட்டாராம், இந்த மாதிரி என்று. அன்றைக்குச் சாயங்காலம் வந்து இதைச் சொல்லும்போது அங்கயற்கண்ணி தன் காதைத் தானே பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருஞானம் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்காமல் "ம்" என்றார். மாவு ஒட்டின கையோடு தன் காதைத் தொட்டுப் பார்த்தார். அறுபத்துமூன்று வயசுக் காது, சும்மா தோல் மாதிரி இருந்தது. மாவையும் தொட்டார். காதைவிட மாவு கடினமாக இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் பிசைய வேண்டும். மூன்று நாள் அவள் இப்படிப் பழகினாள், மூன்று நாளும் செய்து செய்து யாருக்கும் தராமல் கொட்டினாள். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முசிறியிலிருந்து இவருடைய அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள், மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். தட்டு தட்டாக வைத்தாள், நாடா நாடாவாக, சிவப்பாகத் தக்காளி மேலே. யாருக்கும் கை போகவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "என்னம்மா, இத்தாலி சேமியாவா?" என்றார் அத்தான். அவர் அப்படிக் கேட்டது பரவாயில்லை, அவர் வெளியாள். இவர் என்ன செய்தார்? ஒரு வாய் எடுத்துப் போட்டார், மென்றார், அடுப்படிப் பக்கம் திரும்பி, "இந்தா, தயிர் இருக்கா?" என்றார். தயிர் வந்தது. ஊற்றினார். சாதம் பிசைகிற மாதிரி பிசைந்தார், மாங்காய் ஊறுகாய் வைத்துக்கொண்டார். சபையே கலகலத்துவிட்டது. மேலதிகாரி தட்டை நீட்டினார், அக்கா நீட்டினாள், "இப்பத்தான்யா இது மனுஷன் சாப்பிடற சாப்பாடு" என்று அத்தான் தொடையில் தட்டினார். ஆறு தட்டிலும் அவளே தன் கையால் கரண்டி கரண்டியாகத் தயிர் ஊற்றினாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது? தெரியவில்லை. எத்தனை முயன்றாலும் அந்த முகம் வரமாட்டேன் என்கிறது. தயிர் ஞாபகமிருக்கிறது. நல்ல கெட்டித் தயிர்.

மாவை உருட்டி ஈரத்துணி போட்டு மூடினார். அரை மணி நேரம் அது சும்மா கிடக்க வேண்டுமாம். மாவு சும்மா கிடக்கும், மனுஷன் கிடப்பானா? கையில் வேலை இருந்தவரைக்கும் சரி, நாற்காலியில் உட்கார்ந்ததும் நெஞ்சுக்குள் கிடந்தது எல்லாம் எழுந்து வந்தது. பதினோரு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லி சாப்பிட்டு முடித்த நேரம், அவள் பையோடு வந்து நின்றாள். "வளர்மதி வீட்டுக்குப் போறேங்க." வளர்மதி அவள் தங்கச்சி. "எப்ப வருவ?" "பாக்கலாம். சாம்பார் ஃபிரிட்ஜுல இருக்கு." அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. பத்து நாளில் வந்துவிடுவாள் என்று சாம்பாரைச் சுடவைத்துச் சுடவைத்துச் சாப்பிட்டார். மூன்றாவது வாரம் போனில், "நான் இனிமே இங்கயே இருந்துடறேங்க" என்றாள். என்ன கோபம், யார் என்ன சொன்னார்கள் என்று இவர் பதறியதற்கு, "கோபமெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றாள். கோபம் இருந்தால் தேவலையே! கோபத்தைத் தணிக்கலாம். பொம்பளை கோபமில்லாமல் போனால் எதைப் பிடித்து இழுப்பது? குளியலறையில் வழுக்கி விழுந்தால் மறுநாள் காலை வேலைக்காரம்மா வருகிறவரைக்கும் கேட்க நாதியில்லை என்று ஒரு பயம். அதற்காகவா அவள் வேண்டும்? சீ. அதற்காக இல்லை. அவள் குக்கரோடு பேசுவாள், "இரு, இரு, வரேன்" என்று. தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து இவர் கூடத்திலிருந்து "என்ன?" என்பார். "உங்களை இல்லைங்க" என்பாள். அது வேண்டும். தினம் ஒரு தடவை "உங்களை இல்லைங்க" என்று யாராவது சொல்ல வேண்டும். போன மாசம் பரணில் பெட்டி தேடப்போன இடத்தில் பழைய துணி சுற்றின ஒரு கட்டை கிடைத்தது. சப்பாத்திக் கட்டை மாதிரிதான், ஆனால் கை நீளத்துக்கு இருந்தது. பியேராம்மா ஊருக்குப் போகும்போது அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பத்தொன்பது வருஷம் துணியைக்கூடப் பிரிக்கவில்லை! பரண் ஏணியில் நின்றபடியே இவருக்குப் புரிந்துபோயிற்று. அந்தத் தயிர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கு அப்புறம் அவள் புதிதாக ஒன்றுமே செய்து பார்க்கவில்லையே; திங்கள் சாம்பார், செவ்வாய் வற்றக்குழம்பு, புதன் கீரை என்று சக்கரம் மாதிரி ஓட்டினாள், அதை இவர் ஒழுங்கு என்று நினைத்தார். பாவி, பாவி என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். மற்றபடி இவர் என்ன குறை வைத்தார்? நினைத்து நினைத்துப் பார்த்தாலும் ஒன்றும் இல்லை. வேலைக்கு அனுப்பி அலையவிட்டதில்லை. குவார்ட்டர்ஸ் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒரு நாள் வீடு தேடி வந்தார், உங்க மிஸஸ் கணக்கு நல்லா சொல்லித்தராங்களாமே, டீச்சர் டிரெயினிங்கும் முடிச்சிருக்காங்க, எங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க சார் என்று. அவள் காப்பி கொண்டுவந்து வைக்கிறதுக்குள் இவர் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார், அவளுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம் என்று. அந்தச் சர்டிபிகேட்டைத்தான் இப்போது எடுக்க வருகிறாள் போலிருக்கிறது. ஐம்பத்தெட்டு வயசில் அதை வைத்து என்ன செய்வாள்? மாமனார் காலமான அன்றைக்குக்கூட எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டார்! சோதனைக்கூடத்துக்குக் காலை பதினோரு மணிக்கே போன் வந்துவிட்டது. ஆலையை ஆய்வு செய்ய வந்த அதிகாரிகள் எட்டுப் பேருக்கு அவள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் சொன்னால் பதறிப்போவாள், கையைச் சுட்டுக்கொள்வாள் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்து, அவர்கள் வெற்றிலை போட்டுக் கிளம்பின பிறகு, நாலு மணிக்குச் சொன்னார். புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள்தான், அதற்கு என்ன செய்ய? அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எச்சில் பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவ்வளவு பொறுமைசாலி. அப்படிப்பட்டவளைப் போய் நாலு பேர் முன்னால் தயிர் கேட்டு அவமானப்படுத்திவிட்டோமே என்று நினைக்க, திருஞானத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

பதினொன்று இருபது. துணியை எடுத்துப் பார்த்தார். மாவு நிஜமாகவே மிருதுவாகிவிட்டிருந்தது. அட! பிசைந்தபோது முரண்டு பிடித்தது, விட்டுவிட்டதும் தானாக இளகியிருக்கிறது. சிமெண்ட் இப்படி இல்லை, விட்டால் இறுகும். நாலு உருண்டையாகப் பிரித்து, அந்த நீளக் கட்டையால் தேய்க்க ஆரம்பித்தார். முதல் உருண்டை மேடையோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. மாவு தூவ மறந்துபோச்சு. இரண்டாவது ஒரு பக்கம் தாளாகவும் ஒரு பக்கம் தோசையாகவும் வந்தது. கீழே பேப்பர் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அந்த அளவுக்கு மெல்லிசாக வேண்டும் என்று பியேராம்மா சொன்னதாக அவள் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டார் போலிருக்கிறதே, "ம்" சொல்லிக்கொண்டேதான் கேட்டிருக்கிறார். வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, மாவில் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டார். மூன்றாவது உருண்டை, அம்மாடி, மூன்றாவது வந்தது. விரிந்து விரிந்து மேடை விளிம்புவரை போயிற்று. தூக்கி அன்றைய பேப்பர் மேல் போட்டுப் பார்த்தார். தங்கம் விலை மங்கலாகத் தெரிந்தது. யாராவது பக்கத்தில் இருந்தால் காட்டியிருப்பார். சுருட்டி, கத்தியால் விரல் அகலத்துக்கு நறுக்கி, உதறி, தொங்கவிட இடம் தேடினார். கொடியா, நாற்காலி முதுகா? கடைசியில் சாப்பாட்டு மேஜை நாற்காலி நாலிலும் துண்டு விரித்துத் தொங்கவிட்டார். நாடாக்கள் ஃபேன் காற்றில் ஆடின. போன் அடித்தது. மாவுக் கையோடு எடுத்தார். பெங்களூரிலிருந்து மகன் பரிதி. "அப்பா, அம்மா பஸ் ஏறிட்டாங்க. நீங்க எதையாவது பேசி வம்பு வளர்க்காதீங்க, எடுத்துட்டுப் போகட்டும்." "வம்பு என்னடா வம்பு? நான் மன்னிப்புக் கேக்கப்போறேன்." "நிஜமாவாப்பா? எதுக்கு?" என்றான். குரல் இளகியிருந்தது, சின்னப்பையனாக இருந்தபோது பேசின குரல். "தயிருக்குடா." "எதுக்கு?" "உனக்குத் தெரியாது, நீ அப்ப சின்னப் புள்ள. நான் சொல்லிக்கறேன்." பரிதி பெருமூச்சு விட்டான். "சரிப்பா. அம்மாவைக் கொஞ்சம் பேச விடுங்க, அது போதும்" என்று வைத்துவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் லேசு. மனசில் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஒருத்தி மருகினால் அது என்ன என்று இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. தக்காளியையும் பூண்டையும் அடுப்பில் ஏற்றினார். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, உப்பை அள்ளிப் போட்டார். கேட்க வேண்டியதை அடுப்பைப் பார்த்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கயலு. அவள் வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவர் கூப்பிட்டதில்லை, "இந்தா" என்பதே போதுமானதாக இருந்தது. கயலு, அன்னைக்கு நான் தயிர் கேட்டது தப்பு. இன்னொரு தடவை சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது தானே அழுதுவிடுவார் போல இருந்தது, நிறுத்திக்கொண்டார்.

கேட் சத்தம் கேட்டபோது மணி ஒன்று ஆக ஐந்து நிமிஷம். ஓடினார். வாசலில் அங்கயற்கண்ணி, தோளில் ஒரு துணிப்பை, கையில் மடித்த இன்னொரு காலிப்பை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வாட்ச் கட்டியிருந்தாள். "வாங்க" என்றார் திருஞானம். பெண்டாட்டியைப் போய் "வாங்க" என்கிறோமே என்று அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். "என்ன வாசனை இது, பூண்டா?" என்றவள், நாற்காலிகளில் ஆடுகிற நாடாக்களைப் பார்த்து நின்றுவிட்டாள். "நீங்களா?" "ஆமா." "தேய்ச்சது?" "நான்தான். மூணாவதுதான் சரியா வந்துச்சு." "அடேயப்பா" என்றாள். அந்த அடேயப்பாவில் கிண்டல் இல்லை, திருஞானம் உற்றுக் கேட்டார், இல்லவே இல்லை. அவள் உள்ளறைக்குப் போய் பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. இவர் கொதிக்கிற தண்ணீரில் நாடாக்களை அள்ளிப் போட்டார். மூன்று நிமிஷம். கடிகாரத்தைப் பார். உள்ளே பையின் ஜிப் இழுபடுகிற சத்தம். இரண்டு நிமிஷம். ஆலையில் மாதிரிக் கட்டியை அழுத்தி உடைத்துப் பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போதுகூட இப்படிக் கடிகாரத்தை முறைத்ததில்லை. வடித்து, தக்காளியில் புரட்டி, இரண்டு தட்டில் வைத்தார். அவள் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள், பை கதவோரம் நிமிர்ந்து நின்றது. கையால்தான் எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு வாய். இரண்டு வாய். "நல்லா வந்திருக்குங்க. உப்பெல்லாம் சரியா இருக்கு" என்றாள். திருஞானம் தன் தட்டைத் தொடவில்லை. இப்போது. இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

"கயலு" என்றார். அவள் தலையைத் தூக்கினாள், யாரோ என்று பார்க்கிற மாதிரி. "அன்னைக்கு நான் தயிர் கேட்டிருக்கக் கூடாது. நாலு பேர் முன்னால. நீ மூணு நாள் மெனக்கெட்டுச் செஞ்சதை... தப்புதான். என்னை மன்னிச்சிரு." சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷத்தையும் சொல்லிவிட்டார். அவள் புருவத்தைச் சுருக்கினாள். "எந்தத் தயிருங்க?" "குவார்ட்டர்ஸ்ல. அக்காவும் அத்தானும் வந்திருந்தாங்களே, நீ இதே பாஸ்தா பண்ணி வச்ச, நான் தயிர் ஊத்திப் பிசைஞ்சு, எல்லாரும் சிரிச்சு..." அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அட, அதுவா! அன்னைக்கு அது வாயில வைக்க முடியலைங்க. தண்ணியில உப்பு போடவே மறந்துட்டேன். நீங்க எல்லாம் எழுந்து போனதும் நானும் அடுப்படியில உக்காந்து தயிர் ஊத்தித்தான் சாப்பிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், வாயில் தக்காளியோடு. "அப்புறம் ஏன் செய்யவே இல்ல?" "பரிதி முட்டை நாத்தம்னு சொன்னான். விட்டுட்டேன்." திருஞானத்துக்குத் தலைமேல் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கோபமில்லையாம். கோபமே இல்லையாம்! இதற்கா இத்தனை நாள்? "அப்ப இருந்துடேன்" என்றார், சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. "பையை உள்ள வச்சுடு. போக வேணாம்." அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நான் தயிருக்காகத்தான் போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்களா?" "ஆமா" என்றார். "வேற ஒண்ணும் ஞாபகம் வரலையாங்க?" அவள் குரலில் சீண்டல் இல்லை. வந்தால் நல்லதுதானே என்று கேட்பது போலத்தான் கேட்டாள், கொஞ்சம் முன்னால் சாய்ந்துகூட உட்கார்ந்தாள். திருஞானம் யோசித்தார். சும்மா இல்லை, மனசாரத்தான் யோசித்தார், கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வருஷமாக. முப்பத்துமூன்று வருஷம். அவள் காத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் போல இருந்தது. கண்ணைத் திறந்தார்.

"இல்லையே" என்றார்.

"அதாங்க" என்றாள் அங்கயற்கண்ணி. மிச்சமிருந்ததை ஒன்றுவிடாமல் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.